சபையின் வாரச் செய்தி மடலும் தியானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனையில் கைக்கு வரும் நாலு பக்கத் தாள், அல்லது சனிக்கிழமை இரவு கைபேசியில் வந்து விழும் கோப்பு. இதைத் தொகுக்கிறவர்களில் பத்திரிகைத் தொழில் படித்தவர்கள் அபூர்வம். "உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே" என்று ஒரு கமிட்டிக் கூட்டத்தில் தலையில் கட்டப்பட்டவர்கள்தான் அதிகம். அப்படிப் பொறுப்பேற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இவை.

ஆராதனையிலேயே அறிவிப்பு வாசிக்கிறார்கள். பிறகு மடல் எதற்கு?

வராதவர்களுக்காக. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

கி.பி. 155 வாக்கில் ரோமப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், இரத்தசாட்சியான ஜஸ்டின் கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இடங்கொடுக்கும் மட்டும் வாசிக்கிறார்கள். தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் ரசமும் பகிர்கிறார்கள். அதோடு முடிவதில்லை. வர இயலாதவர்களின் வீட்டுக்கு உதவிக்காரர்கள் அதை எடுத்துச் செல்கிறார்கள் என்கிறார். படுக்கையில் இருப்பவர், இரவு வேலைக்காரர், கைக்குழந்தைக்காரி, வெளியூரில் படிக்கும் பிள்ளை, மனக்கசப்பில் ஆறு மாதமாக ஒதுங்கியிருப்பவர் எல்லாரும் சபைதான். வந்தவர்களுக்கு மடல் ஒரு நினைவூட்டல். வராதவர்களுக்கு அந்த வாரம் சபையிலிருந்து கிடைக்கும் ஒரே தொடர்பு அதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே எழுதி முடித்த பிறகு இப்படிச் சோதியுங்கள்: மூன்று மாதமாக வராத ஒருவருக்கு இது புரியுமா? "சென்ற வாரம் அறிவித்தபடி" என்று எங்காவது இருந்தால் அவருக்குப் புரியாது.

மடலில் என்னென்ன இருக்க வேண்டும்?

வருகிற ஞாயிறின் வேத பாடங்கள், வாரக் கூட்டங்களின் நாள் நேரம் இடம், ஜெபக்குறிப்பு, நன்றிக்குறிப்பு, பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம், ஒரு தியானம். இவ்வளவு போதும். மற்றதெல்லாம் இடமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம். முதல் பக்கம் முழுவதையும் பொறுப்பாளர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதைத் தேடிப் படிப்பவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே.

நன்றிக்குறிப்பு பல மடல்களில் விடுபட்டுப்போகிறது. ஒருவருடைய அறுவை சிகிச்சைக்காக நாலு வாரம் ஜெபிக்கச் சொல்லிவிட்டு, அவர் வீடு திரும்பியதும் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறோம். தூரத்திலிருந்து ஜெபித்தவருக்கு அவர் சுகமானாரா, இறந்துவிட்டாரா என்றே தெரியாது.

அறிவிப்பை எல்லாரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எப்படி எழுதினால் படிப்பார்கள்?

பொதுவாக இப்படி எழுதுகிறோம்:

"தேவனுடைய பெரிதான கிருபையால் நமது சபையின் பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் வழக்கம்போல் நடைபெறும் மாதாந்திர ஜெபக்கூடுகை வருகிற வாரம் நடைபெற இருப்பதால் சகோதரிகள் அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு ஆசீர்வாதம் பெற்றுச் செல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எந்த நாள், எத்தனை மணி, எங்கே? மூன்றும் இல்லை. அதையே இப்படிச் சொல்லலாம்:

"பெண்கள் ஜெபக்கூடுகை: புதன் மாலை 5 முதல் 6 வரை, ஆலயத்தின் பின் அறையில். இந்த மாதம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம். பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி உண்டு."

கடைசி வரியைக் கவனியுங்கள். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு பாட்டிக்கு, "தவறாமல்" என்ற சொல்லைவிட அந்த நாற்காலிதான் உதவும். "அனைவரும் வருக" என்பது யாரையும் பெயர்சொல்லிக் கூப்பிடாத அழைப்பு. முதல்முறை வருகிறவர் எந்த வாசல் வழியாக வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லிவிட்டால் அது அவருக்கான அழைப்பாகிவிடும்.

ஜெபக்குறிப்பில் நோயாளியின் பெயரையும் நோயையும் போடலாமா?

அவரிடம் கேட்காமல் போடக் கூடாது. குடும்பத்தாரிடம் கேட்டது போதாது. அவர் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேளுங்கள். "பெயர் போடலாமா, என்ன சுகவீனம் என்று சொல்லலாமா, எத்தனை வாரம் இருக்கட்டும்" என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. பெயருக்குச் சம்மதித்தவர் நோய்க்கும் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. புற்றுநோய், மனநலக் குறை, கருச்சிதைவு, குழந்தையின்மை, மதுப் பழக்கம் போன்றவற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை. வேலை தேடுகிறவர் பெயரைப் போட்டால் அவருடைய இப்போதைய முதலாளியும் அதைப் படிக்கக்கூடும். அச்சுத் தாளாவது பத்துத் தெருவுக்குள் நிற்கும். வாட்ஸ்அப்பில் போனது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

"ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் வம்பு நுழைவதும் உண்டு. "சகோதரர் குடும்பத்தில் சமாதானம் உண்டாக ஜெபிப்போம்" என்ற ஒரு வரி போதும், அடுத்த ஞாயிறு வரை பேச்சுக்குப் பஞ்சம் இராது. இப்படி ஒரு குறிப்பு வந்தால் போதகரிடம் கொடுத்துவிடுங்கள், மடலில் போடாதீர்கள். பெயர் இல்லாமலும் ஜெபிக்கலாம்: "இந்த வாரம் மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கிற ஒருவருக்காக." ஆண்டவருக்கு யாரென்று தெரியும்.

காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வெளியிடலாமா?

மொத்த வரவையும் செலவையும் வெளியிடுங்கள், கண்டிப்பாக. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் கூட ஆட்களை அனுப்பிய பவுல், யாரும் குற்றம் சொல்லாதபடிக்கே அப்படிச் செய்வதாகச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8:20, 21). ஆனால் கொடுத்தவர் பெயரோடு தொகையை அச்சிடுவது வேறு காரியம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3-க்கு அது நேர் எதிர். "பெயர் போட்டால்தான் கொடுப்பார்கள்" என்பார்கள். இருக்கலாம். பட்டியலின் அடியில் தன் சிறு தொகையைப் பார்க்கும் விதவைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சபையில் ஒரு பிரச்சினை. மடலில் கண்டித்து எழுதலாமா? பவுலே பெயர் சொல்லி எழுதினாரே?

பிலிப்பியர் 4:2-ஐத்தான் சொல்கிறீர்கள். எயோதியாள், சிந்திகேயாள் இருவரும் ஒரே சிந்தையாய் இருக்கும்படி பவுல் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார். அடுத்த வசனத்தையும் படியுங்கள். இருவரும் தன்னோடு சுவிசேஷத்துக்காகப் பிரயாசப்பட்டவர்கள் என்கிறார், அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரைக் கேட்டுக்கொள்கிறார், ஜீவபுஸ்தகத்தைப் பற்றியும் பேசுகிறார். சண்டை எதைப் பற்றி என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நூற்றாண்டாக வேத அறிஞர்கள் தேடியும் அது கிடைக்கவில்லை. அந்த அளவுக்கு அடக்கமாக எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாது என்றால் நேரில் போய்ப் பேசுங்கள்.

பெயர் சொல்லாமல் தியானத்துக்குள் ஊசி வைப்பது இதைவிட மோசம். "சிலர் ஆலயத்தை வியாபாரமாக்குகிறார்கள்" என்று எழுதினால், குற்றமுள்ளவர் அடுத்தவரைச் சொல்வதாக நினைப்பார்; குற்றமற்றவர் தூக்கமிழப்பார்.

தியானத்துக்கு எந்த வேதப்பகுதியை எடுப்பது?

அந்த ஞாயிறு வாசிக்கப்படும் பாடங்களில் ஒன்றை எடுப்பதே சுலபமும் நியாயமும். பல சபைகள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்த வாசகப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை இதை வகுத்தது. அதைத் தழுவிப் பல சீர்திருத்தச் சபைகள் ஏற்றுக்கொண்ட பொதுப் பட்டியல் 1992-இல் வெளியானது. பெரும்பாலான ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என நாலு பாடங்கள். ஏ ஆண்டில் மத்தேயு, பி ஆண்டில் மாற்கு, சி ஆண்டில் லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. லெந்து என்னும் உபவாச காலத்திலும் உயிர்த்தெழுதல் காலத்திலும் மூன்று ஆண்டுகளிலும் வந்துபோகிறது.

எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. ஆண்டை 3-ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் ஏ, 2 என்றால் பி, மீதியே இல்லை என்றால் சி. 2026 ஏ ஆண்டு, 2027 பி ஆண்டு. ஆனால் திருச்சபை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலாவது ஞாயிறான அட்வெந்து முதல் ஞாயிறில் தொடங்குகிறது. 2026-இல் அது நவம்பர் 29. அன்றே பி ஆண்டுப் பாடங்கள் ஆரம்பமாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: பி ஆண்டின் நடுவில் தொடர்ந்து ஐந்து ஞாயிறு யோவான் 6-ஆம் அதிகாரம் வரும். ஜீவ அப்பம், மறுபடியும் ஜீவ அப்பம். மூன்றாவது வாரத்தில் எழுத ஒன்றும் இராது. அப்போது தயங்காமல் சங்கீதத்துக்குத் தாவிவிடுங்கள்.

எங்கள் சபை எந்தப் பட்டியலையும் பின்பற்றுவதில்லை.

பரவாயில்லை. போதகரிடம் புதன்கிழமைக்குள் அந்த வார வசனத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் சனிக்கிழமை இரவுதான் முடிவு செய்வார் என்றால், ஒரு நிருபத்தை எடுத்து வாரம் ஒரு பத்தியாக எழுதிக்கொண்டு போங்கள். யாக்கோபு தொடங்க நல்ல இடம்.

பண்டிகைத் தேதிகளில் ஒவ்வொரு ஆண்டும் குழப்பம் வருகிறதே?

எல்லாவற்றுக்கும் ஆணிவேர் உயிர்த்தெழுந்த ஞாயிறு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அது. இங்கே நிலவு என்பது திருச்சபையின் அட்டவணை நிலவு, வானத்தில் தெரிவதோடு ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அதனால் தேதி மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் விழும். 2027-இல் மார்ச் 28.

அது தெரிந்துவிட்டால் மற்றவை விரல் கணக்கு. 46 நாள் பின்னால் போனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதன்: 2027-இல் பிப்ரவரி 10. லெந்து நாற்பது நாள் என்கிறோம், கணக்கில் ஆறு கூடுகிறதே என்று யாராவது கேட்பார்கள்; இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் உபவாசக் கணக்கில் சேராது. 49 நாள் முன்னால் போனால் பெந்தெகொஸ்தே: மே 16. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுக்குத் தேதி வேறுபடும். 2025-இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20 ஒரே நாளாக வந்தது. 2027-இல் அவர்களுக்கு மே 2.

தியானம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? எப்படித் தொடங்குவது?

250 சொல்லுக்கு மேல் போக வேண்டாம். வேதத்திலிருந்து ஒரே ஒரு காரியத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

"தேவன் அன்பாயிருக்கிறார்" என்று பொதுவாகத் தொடங்கினால் நாலாவது வரியில் நீங்களே களைத்துவிடுவீர்கள். பகுதியை மூன்று தரம் மெதுவாகப் படித்து, முன்பு கண்ணில் படாத ஒன்றைத் தேடுங்கள். மாற்கு 10:46-52-ஐ எடுத்துக்கொள்வோம். எரிகோ வழியோரத்தில் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பர்திமேயு என்ற குருடன் கூப்பிடுகிறான். இயேசு நின்று, அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கண் தெரியாதவனிடம் இது என்ன கேள்வி என்று தோன்றும். அதே அதிகாரத்தில் சற்று மேலே, 36-ஆம் வசனத்தைப் பாருங்கள். யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். கூடவே நடந்த சீஷர்கள் வலதுபக்கம் ஒரு ஆசனம், இடதுபக்கம் ஒரு ஆசனம் என்று கேட்டார்கள். வழியோரத்துப் பிச்சைக்காரன் பார்வை கேட்டான், கிடைத்ததும் அவருக்குப் பின்னே வழியில் நடந்தான். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிறது. கேள்வி ஒன்று, பதில் இரண்டு. ஒரு வாரத் தியானத்துக்கு இது தாராளம்.

இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். "ஆகவே பிரியமானவர்களே, நாமும்..." என்று ஐந்து வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். அவரிடம் நாம் என்ன கேட்போம் என்று வாசிப்பவர் தாமே யோசிக்கத் தொடங்கியிருப்பார்; குறுக்கே போகாதீர்கள்.

போதகரின் பிரசங்கத்தைச் சுருக்கிப் போட்டால் போதாதா?

போன வாரப் பிரசங்கத்தின் சுருக்கம் வராதவர்களுக்கு உதவும், போடுங்கள். ஆனால் அது தியானமாகாது. நாற்பது நிமிடப் பேச்சை நூறு சொல்லாகச் சுருக்கினால் எலும்புதான் மிஞ்சும். (பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். லூக்கா அந்த விழுகையை விவரமாக எழுதினார். பிரசங்கத்தைச் சுருக்கித் தர முயலவில்லை.)

வாட்ஸ்அப்பில் வரும் நல்ல கதைகளைத் தியானத்தில் பயன்படுத்தலாமா?

சரிபார்க்காமல் வேண்டாம். மூன்று கதைகள் எல்லா மடலிலும் சுற்றுகின்றன, மூன்றும் நிற்காது.

முதலாவது கழுகு. நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போட்டு, எல்லாம் புதிதாய் முளைத்தபின் இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். அலகு நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பது உண்மை. ஆனால் அலகை முழுவதும் இழந்த கழுகு இரை தின்ன முடியாமல் சாகும். இறகுகள் சிறிது சிறிதாகத்தான் உதிர்ந்து முளைக்கும். காட்டில் எழுபது ஆண்டு வாழும் கழுகும் கிடையாது. ஏசாயா 40:31-க்கு இந்தக் கதையின் தயவு தேவையில்லை. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்று வசனமே சொல்கிறது.

இரண்டாவது, "பயப்படாதே" என்று வேதத்தில் 365 தரம், நாளுக்கு ஒன்றாக இருக்கிறது என்பது. எந்தச் சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகத்தை எடுத்து எண்ணுங்கள். எண்ணிக்கை திருப்புதலுக்குத் திருப்புதல் மாறும், எதிலும் 365 வராது.

மூன்றாவதுதான் உண்மையில் கெடுதல் செய்வது. ஊசியின் காது என்பது எருசலேம் மதிலில் இருந்த ஒரு சிறு வாசல், ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டால் நுழையலாம் என்கிற விளக்கம். முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிற்கால விளக்கவுரைகளில் முளைத்தது அது. ஐசுவரியவான் பரலோகத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதைக் கேட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் திகைத்தார்கள். மனுஷரால் கூடாதது, தேவனால் கூடும் என்றார் அவர். முழங்காலிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் திகைப்பும் இல்லை, அந்தப் பதிலுக்கு வேலையும் இல்லை.

எந்தத் திருப்புதலில் வசனம் போடுவது?

சபையார் கையில் வைத்திருப்பதில். அதிகாரமும் வசன எண்ணும் எப்போதும் போடுங்கள். திருவிவிலியம் பயன்படுத்தும் உறவினர்களுக்கும் மடல் போகிறது என்றால், ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், அப்போஸ்தலர் அங்கே திருத்தூதர் பணிகள் என்று புத்தகப் பெயர்கள் மாறுவதை நினைவில் வையுங்கள்.

பாட்டின் முழு வரிகளையும் அச்சிடலாமா?

பழைய கீர்த்தனைகளுக்குப் பெரும்பாலும் தடையில்லை. எழுதியவர் இறந்து 50, 60 அல்லது 70 ஆண்டு வரை, நாட்டுக்கு நாடு வேறுபட்டு, உரிமை நீடிக்கும். பழைய பாமாலையின் புதிய மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. சந்தேகம் இருந்தால் பாட்டு எண்ணை மட்டும் போடுங்கள்.

பிள்ளைகளின் படங்கள்?

பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. படத்தோடு பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு மூன்றையும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள்.

மரணச் செய்தியை எப்படி எழுதுவது?

முதலில் குடும்பத்தார் எல்லாருக்கும் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். தகப்பன் இறந்ததை ஒரு மகள் சபை மடல் பார்த்து அறியக் கூடாது. பிறகு பெயர், வயது, அடக்க ஆராதனையின் நேரமும் இடமும். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பது நம் வழக்கு, அழகான வழக்கு, அது இருக்கட்டும். அதற்கு அடுத்து ஒரு வாக்கியமாவது அந்த மனிதருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். "பக்தியுள்ளவர், அன்பானவர்" என்பது யாருக்கும் பொருந்தும். "ஆலய மணியை முப்பது ஆண்டு அடித்தவர், மழைநாளில் வாசலில் நின்று குடை பிடித்து ஆட்களை உள்ளே கூட்டிவந்தவர்" என்றால் படித்ததும் முகம் தெரியும். துக்க வீட்டில் போய் உட்காரும்போது இந்த மாதிரித் தகவல் தானாகக் காதில் விழும். வீடு திரும்பியதும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்த விதம் எப்படியானாலும் குடும்பம் சொல்லச் சொன்னதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அந்த வீட்டாரை ஜெபக்குறிப்பில் சேர்க்கலாம். இறுதி மரியாதை முடிந்த பிறகும் நினைவு வைத்திருக்கிறார்களே என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அச்சா, கைபேசியா?

இரண்டும். கைபேசிக்கு அனுப்பும்போது பிடிஎஃப் கோப்போடு நிறுத்தாமல், முக்கிய அறிவிப்புகளைச் சாதாரண எழுத்துச் செய்தியாகவும் அனுப்புங்கள். பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கைபேசியைப் படித்துக்காட்டவும் வைக்கலாம். அச்சுப் பிரதியில் எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். பத்துப் பிரதி கூடுதலாக எடுத்து, வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கு யார் யார் கொண்டுபோவது என்று பெயர் குறித்துக் கொடுத்துவிடுங்கள். பொதுவாக மேசையில் வைத்தால் மேசையிலேயே இருக்கும்.

தொகுப்பவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு தானும் ஒரு வாழ்த்தை நடுவில் நுழைத்துவிடுகிறார் (16:22). முன்மாதிரி இருக்கிறது. ஒரு வரி, கடைசிப் பக்கத்தில், பிழை திருத்தம் சொல்ல ஒரு தொடர்பு எண்ணோடு.

பழைய இதழ்களை என்ன செய்வது?

ஆண்டுக்கு இரண்டு தொகுப்பு பைண்டு செய்து, ஒன்றை ஆலயத்திலும் ஒன்றை வேறு கட்டடத்திலும் வையுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு தேதியைத்தான் சொல்லும். அன்று யார் பாடினார்கள், யார் கட்டில் விட்டு எழுந்து வந்தார்கள் என்பது மடலில்தான் இருக்கும். அதற்காக ஒவ்வொரு இதழிலும் முழுத் தேதியை ஆண்டோடு போடுங்கள். "இன்று", "வருகிற வியாழன்" என்பவற்றுக்குப் பக்கத்தில் தேதியும் வேண்டும். படங்களின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். பெயரின் முதலெழுத்து, எழுத்துக்கூட்டல் எல்லா இதழிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டால் பின்னால் தேடுகிறவர் மூன்று பேர் என்று எண்ணிக்கொள்வார்.